பூஜ்யம் அடித்தால் முப்பத்திரண்டு

மேலே இருந்து பார்த்தால் அந்தப் பலகையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு அங்குல கனம். இழைப்பும் சுத்தம், உள்ளங்கையால் தடவினால் ஒரு சிராய்கூட ஏறாது. ஏணிப் பட்டறைக்காரர் அதைத் தன் வண்டியிலிருந்து தானே இறக்கித் தோளில் சுமந்து வந்து, மரவாடியின் அறுவை மிஷின் மேல் தொப்பென்று போட்டார். "நடுவுல குறுக்க வெட்டுங்க" என்றார். வெட்டி முடிந்ததும் ஒரு துண்டை எடுத்து, வெட்டுமுகம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்தார். ஓரத்தில் ஒரு விரற்கடைக்கும் குறைவாகத்தான் உருப்படியான மரம் இருந்தது. அதற்கு உள்ளே நீள நீளமாக வாய் பிளந்த வெடிப்புகள். சிலவற்றில் தீக்குச்சியை நுழைத்துவிடலாம்.

ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு மிஷின் நின்றதும் வழக்கமான பேச்சுச் சத்தம் கேட்காததுதான் விநோதமாக இருந்தது. எழுந்து வாசலுக்கு வந்தாள். மரவாடியில் அவளுக்குக் கம்ப்யூட்டரம்மா என்று பேர். பில் போடுவது, லோடு பதிவது, மெயிலுக்குப் பதில் எழுதுவது எல்லாம் அவள்தான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு மாதம் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டதற்கு வாழ்க்கை அவளுக்குக் கொடுத்தது இந்தப் பட்டப்பேர் ஒன்றுதான்.

"பள்ளிக்கூடச் சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்க என் ஏணியில ஏறினவரு" என்றார் பட்டறைக்காரர். "பத்தாவது படி. கால வச்சதும் மளுக்குன்னு போயிருக்கு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லயாம், இனிமே வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. உங்க கனப் பலகை லோடுல செஞ்ச ஏணிக்கெல்லாம் அடியில நீலப் பட்டை அடிச்சிருக்கேன். மொத்தம் அறுவத்தி நாலு ஏணி. இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

முதலாளி திரும்பிச் சூட்டறைக்காரரைப் பார்த்தார். மற்ற எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பச்சைமரத்தை அடுக்கிவைத்து, சூடான காற்றை ஓடவிட்டுக் காயவைக்கிற அறைதான் சூட்டறை. இருபத்திரண்டு வருஷமாக அதன் சாவி அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. மனிதர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நகத்தால் ஒரு வெடிப்பைக் கீறினார்.

"இது ஆரம்பத்துலயே வேகமா காஞ்ச மரம்" என்றார் மெதுவாக. "மேல்தோல் முதல்ல இறுகிடுச்சு. உள்ள ஈரம் போக வழியில்லாம பொளந்துக்கிச்சு. ஆனா எப்படின்னுதான் தெரியல."

"உங்களுக்குத் தெரியலன்னா வேற யாருக்குய்யா தெரியும்?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஏதாவது சமாளித்திருப்பார்கள். இவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்து, "ஏழாம் நாள் மத்தியானம் ஒரு அரைமணி நேரம் அசந்துட்டேன் முதலாளி. கதவு ரப்பர் சரியா உக்காரலயோ என்னவோ" என்றார். கேட்பவர் கையில் கத்தியைக் கொடுத்துக் கழுத்தையும் நீட்டுகிற வெள்ளந்தி. முதலாளிக்கு அது போதும். கதவோரம் இருந்த அடுக்கு மட்டும்தான் கெட்டிருக்கும், பத்துப் பன்னிரண்டு பலகைக்கு மேல் போகாது, மற்றதெல்லாம் நயம் சரக்கு என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். பட்டறைக்காரர் முகத்திலும் அப்போதுதான் ரத்தம் திரும்பியது. அறுபத்து நாலு ஏணி, பன்னிரண்டு பலகையாகச் சுருங்கினால் யாருக்குத்தான் கசக்கும்? "கடையில விக்காம இருக்கறத உடைச்சுப் போட்டுடறேன். வித்தது வித்ததுதான். யாரு வாங்கினாங்கன்னு எங்க போய்த் தேடறது?" என்றார். சூட்டறைச் சாவி அன்று மூன்று மணிக்கு முதலாளியின் மேசைமேல் இருந்தது.

அவள் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். ஆரம்பத்துலயே வேகமா காஞ்ச மரம் என்ற வார்த்தையை மனசு விடவில்லை. எதற்காக அது தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு உடனே புரியவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் முதலாளி எங்கேயோ மலிவாகக் கிடைத்தது என்று சூட்டறைக்குப் பழைய வெளிநாட்டு மிஷின் ஒன்றை வாங்கி மாட்டினார். அதற்குத் தெரிந்தது பாரன்ஹீட் மட்டும்தான். சுவரில் ஒட்டியிருந்த உலர்த்தும் அட்டவணையோ செல்சியஸில். சூட்டறைக்காரர் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆபீஸுக்கு நடந்தார். "ஐம்பதுக்கு என்னம்மா? ஐம்பத்தஞ்சுக்கு என்னம்மா?" கால்வலிக்காரர். பாவமாக இருந்தது. பதினோரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் ஸ்பூனும் ஒரு கையில் கீபோர்டுமாக, அவள் அந்தப் புரோகிராமை எழுதினாள். பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. கறுப்புத் திரை, மினுக்கும் ஒரு கோடு. எண்ணை அடித்து, எதிலிருந்து எதற்கு என்று இரண்டு எழுத்தைப் போட்டால் அடுத்த வரியில் விடை வரும். அடியை மீட்டராக்கும், கனஅடியைக் கனமீட்டராக்கும், பவுண்டைக் கிலோவாக்கும். வெப்பத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டவேண்டும்.

முதன்முதலாக ஐம்பது அடித்து நூற்றிருபத்திரண்டு என்று வந்தபோது, யாரும் பார்க்கவில்லையா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் மூளை தானாகச் செய்த ஒரே காரியம் அது. சூட்டறை ஜன்னலோரம் ஓர் ஓட்டைக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்து அதில் ஏற்றிக் கொடுத்தாள். சூட்டறைக்காரர் எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டிவிட்டு, வருகிற ஆங்கில வாக்கியத்தைப் பார்த்து "திட்டுதும்மா" என்று ஓடிவந்ததால், ஆங்கில எழுத்திலேயே தமிழில் மாற்றி எழுதினாள். தப்பாக அடித்தால் 'அண்ணே, நம்பர் மட்டும் போடுங்க' என்று வரும். மனிதர் அதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "என் பொண்டாட்டிகூட இவ்வளவு மரியாதையா பேசினதில்ல" என்றார்.

மெல்லிய பலகைக்கு அவர் அட்டவணையைப் பார்ப்பதில்லை, எல்லாம் கைப்பழக்கம். கனப் பலகை லோடு ஒன்றுதான் அட்டவணைப்படி போட்டது. அதில் இரண்டு பத்தி. ஒன்று, அறையின் சூடு. மற்றது, அறைக்குள் இருக்கும் இரண்டு தெர்மாமீட்டர்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். ஒன்று வெறுமனே தொங்கும், இன்னொன்றின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு தாகம் காற்றுக்கு, அவ்வளவு வேகமாக மரத்தின் ஈரத்தை உறிஞ்சும். கனப் பலகைக்கு முதல் பத்து நாள் வித்தியாசம் நாலு டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அவர் நாலு என்று அடித்தார். திரையில் முப்பத்தொன்பது புள்ளி இரண்டு என்று வந்தது. அதையே மிஷினில் வைத்தார்.

வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. ஆபீஸுக்கு வந்தார். அது இப்போது நேற்று நடந்த மாதிரி நினைவுக்கு வந்தது. சாப்பாட்டு வேளை, அறுப்பவர்களும் லோடு ஏற்றுபவர்களும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஃபேன் நிக்காம ஓடுதும்மா. சத்தமே சரியில்ல. முப்பத்தொம்பது கொஞ்சம் ஜாஸ்தியோ?"

"உங்க காதை நம்பறதா, கணக்கை நம்பறதாண்ணே? பத்து தடவ சரிபார்த்துக் கொடுத்தது. போய் நிம்மதியா சாப்பிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது அவள் கறுப்புத் திரையைத் திறந்தாள். நாலு அடிக்கக் கை வரவில்லை. பூஜ்யம் அடித்தாள். இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே அளவு காட்டினால், வித்தியாசம் என்று ஒன்றுமே இல்லாவிட்டால், அது எந்த ஊர்க் கணக்கிலும் ஒன்றுமில்லைதானே? அடுத்த வரியில் விடை வந்தது. முப்பத்திரண்டு.

பத்து தடவை சரிபார்த்தாள் என்பது பொய் இல்லை. ஆனால் பத்து தடவையும் சூட்டை மட்டும்தான் சரிபார்த்தாள். அந்த முப்பத்திரண்டு இரண்டு தெர்மாமீட்டரிலும் இருப்பதால் கழித்தலில் அடிபட்டுவிடும், வித்தியாசத்துக்கு அதைக் கூட்டக்கூடாது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். ஏழு புள்ளி இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது. ஐந்து மடங்குக்கும் மேலான தாகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, பத்து நாள் அந்த மரத்தைப் பிழிந்திருக்கிறார்கள். கதவோரமாவது, பன்னிரண்டு பலகையாவது. லோடு முழுக்க அப்படித்தான் இருக்கும். அறுபத்து நாலு ஏணியும்.

கை பாட்டுக்கு வேலை செய்தது. சூடா, வித்தியாசமா என்று முதலில் கேட்கும்படி ஒரு வரி சேர்த்தாள். வித்தியாசம் என்றால் முப்பத்திரண்டைக் கூட்டாதே என்று இன்னொரு வரி. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு அடித்தாள், ஏழு புள்ளி இரண்டு வந்தது. பழையதன் மேலேயே சேமித்தாள். சூட்டறை ஜன்னலோரக் கம்ப்யூட்டரிலும் போய் அதையே ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்று உறைத்தது. இனி யார் வந்து போட்டுப் பார்த்தாலும் சரியாகத்தான் வரும். தப்பு இருந்த இடமே இல்லை. திருத்தத்தான் செய்தாள், மறைக்கவேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் மறைந்துவிட்டது என்று தெரிந்த கணத்தில் நெஞ்சுக்குள் ஓர் ஓரத்தில் மூச்சு இலேசானதே, அதை அவளால் மன்னிக்க முடியவில்லை.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். லாரி ஆபீஸில் வேலை செய்கிறவன். சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் முழுவதையும் கேட்டான்.

"மிஷின்ல வச்சது யாரு கை?" என்றான்.

"அவரு கைதான். ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? நீ ஏதோ உதவின்னு செஞ்ச. அதுக்குச் சம்பளமா கொடுத்தாங்க? அந்த ஏணிக்காரன் மரத்த அறுக்கும்போது உள்ள வெடிப்பு தெரியாமலா இருந்திருக்கும்? பாத்தும் பாக்காம அடிச்சு வித்திருக்கான். அவனயே யாரும் கேக்கல. நீயா போய்த் தலையக் கொடுக்கப் போறியா? வாயத் திறக்காத."

அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பட்டறையில் பார்த்திருப்பார்கள். பார்த்திருக்கவேண்டும். அவள் அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினாள். மூன்றாம் நாள், மரவாடிக்கு எதிர்க்கடையில் பல்பு மாற்ற யாரோ ஒரு ஸ்டூல் மேல் ஏறினார். அதைப் பார்த்ததுமே பாதி போட்ட பில்லை விட்டு எழுந்துவிட்டாள். ஸ்டூலுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சூட்டறைக்காரர் வீட்டுக்கு நடந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை வீடு. கட்டிலில் உட்கார்ந்து மடியில் சூட்டறை நோட்டை விரித்து வைத்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்ட முதலாளி நோட்டைக் கேட்க மறந்துவிட்டார் போல. கையில் பென்சில். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம் அவளைப் பார்த்ததும் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத் தாங்குவதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

"வாங்கம்மா, வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்கதான் இதுக்கு ஆளு" என்று பக்கத்தைத் தட்டிக்காட்டினார். "நாள் நாளா பாத்துட்டு வரேன். எங்க தப்பு பண்ணேன்னு பிடிபடவே மாட்டேங்குது."

"மூணு நாளா இதே வேலதான்" என்றாள் அவர் மனைவி, டீத் தம்ளரை நீட்டியபடி. "சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்ல. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெயிண்டரு காலப் பிடிச்சுட்டு அழுதிருக்காரு. அவருக்குப் பிடிச்சதே தெரியலயாம். நீங்களே சொல்லுங்க, அரைமணி நேரம் கண்ணசந்ததுக்கா ஒரு ஆளுக்கு ரெண்டு காலும் போகும்?"

"நீ சும்மா இரு. பொறுப்புன்னா பொறுப்புதான்." நோட்டை அவள் பக்கம் திருப்பினார். "நீங்க படிச்சவங்க. ஒரு தடவ கண்ண ஓட்டுங்க. கணக்குல தப்பு இருக்காது, அது நீங்க கொடுத்தது. என் கை எங்க பிசகிச்சுன்னு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சா போதும். தெரியாம இருக்கறதுதான் கொல்லுது."

அச்சடித்த மாதிரி கையெழுத்து. தேதி, மணி, சூடு, வித்தியாசம். ஒரு கட்டத்தைக்கூட அவர் காலியாக விடவில்லை. ஏழாம் நாளில் 'அசந்தேன், அரைமணி' என்றுகூட எழுதி வைத்திருந்தார். முதல் நாள் வரியில் நாலு, அதற்கு நேரே முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. ஓரத்தில் சின்ன எழுத்தில்: 'ஃபேன் சத்தம் அதிகம். கேட்டேன். கம்ப்யூட்டரம்மா சரின்னாங்க.'

அவர் பென்சில் அந்த வரியைத் தாண்டித் தாண்டிப் போயிருந்தது. மற்ற எல்லா வரிக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். அதற்கு மட்டும் போடவில்லை.

சொல்லவேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். நான் கொடுத்த கணக்கு தப்புண்ணே. நாலே வார்த்தை. அந்த அம்மாள் வாசற்கதவில் சாய்ந்து நின்று இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. இவள் நோட்டின் பக்கங்களைப் புரட்டினாள். கடைசிவரைக்கும் புரட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே" என்றாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நினைச்சேன். அப்ப அந்த அரைமணிதான்" என்று நோட்டை மூடினார். ஏதோ ஒரு விதத்தில் அவருக்கு நிம்மதிகூட வந்த மாதிரி இருந்தது. வாசல்வரை வந்து, பார்த்துப் போகச் சொல்லி வழியனுப்பினார்.

தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் எங்கே நடக்கிறோம் என்ற நினைப்பில்லாமல் நடந்தாள். தன்னைத் தானே அறைந்துகொள்ளவேண்டும் போல வெறுப்பாக இருந்தது. திரும்பிப் போகலாம், இன்னும் பத்து வீடுதான் தாண்டியிருக்கிறது, பதினைந்து வீடுதான். கடைத்தெரு முனை வந்தபோது அது நாற்பது வீடாகிவிட்டிருந்தது.

முனையில் புதிதாக ஒரு செருப்புக்கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார், நடுவயசு, பல்லில் நாலைந்து ஆணிகளைக் கடித்தபடி. இடுப்பில் சுத்தியல் தொங்கியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய ஆள் எதிர்க்கடையில் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் பார்வை ஏணியின் அடிக்குப் போனது. இரண்டு காலிலும் ஒரு சாண் உயரத்தில் நீலப் பட்டை.

ஓடியது அவளுக்கு நினைவில்லை. இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அடுத்த படியில் கால் வைத்தது அவள் உள்ளங்கையில் தெரிந்தது. எண்ணினாள். ஆறாவது. இன்னும் மேலே படிகள் இருந்தன. ஒவ்வொன்றும் வழவழவென்று, வார்னிஷ் பளபளப்போடு, குறை சொல்ல முடியாதபடி.

"இறங்குங்க" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார். "பிடிச்சுக்கிட்டீங்களா? நல்லதாப் போச்சும்மா. அந்தப் பய எங்க போய்த் தொலைஞ்சான்?"

"ஏணி சரியில்ல. இறங்கி வந்துடுங்க."

"புது ஏணிம்மா இது. வாங்கி மூணு மாசம்கூட ஆகல."

"எனக்குத் தெரியும். உள்ள எல்லாம் வெடிச்சிருக்கு. இது என் கணக்குல காயவச்ச மரம். நான் போட்ட கணக்கு தப்பு. நான்தான் தப்பாப் போட்டேன். இறங்குங்க."

குரல் அவளுடையதாகவே இல்லை. செருப்புக்கடைக்காரர் வெளியே வந்து அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போனில் பேசியவன் பேச்சை நிறுத்தினான். ஏணி மேல் நின்றவர் குதிகாலால் படியை இரண்டு தட்டுத் தட்டினார். திடமான சத்தம்தான் வந்தது.

"கல்லு மாதிரி இருக்கு பாருங்க. பயப்படாதீங்க, ஒரே ஒரு ஆணிதான்" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதைப் போல. ஆணிகளை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டு காலைத் தூக்கினார்.

அவள் கையை எடுக்கவில்லை. ஏழாவது படி.